முதலில் மேலே, அப்புறம் சுற்று

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். பின்பக்கக் குட்டிக்கரணம் நன்றாகப் போடுகிறாள். அதோடு ஒரு முழு ட்விஸ்ட் (கரணம் போடும்போதே காற்றில் உடம்பு பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றுவது) சேர்க்கப் பழகும்போது முக்கால் சுற்றிலேயே கோணலாக இறங்குகிறாள். முழங்கால் வலி வேறு. ‘தோளை வேகமாகத் திருப்பு’ என்கிறார் கோச். அது சரியா?
– ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: முதலில் அந்த முழங்காலை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள் அம்மா. அவர் சரி என்று சொல்லும்வரை ட்விஸ்ட் வேண்டாம்.

தோளைத் திருப்பு என்று நானும் பத்து வருடம் கத்தியவன்தான். அப்படிச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? கால் தரையை விடும் முன்பே தோளைத் திருகிவிடும். எழும்ப வேண்டிய உயரம் போய்விடும், சுற்று முடிவதற்குள் தரை வந்துவிடும். பாதம் மெத்தையில் பதிந்துவிட்டது, உடம்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த முறுக்கை வாங்குவது முழங்கால். தேங்காய் நார் மெத்தைக் காலத்தில் என்னிடம் பழகிய பையன் ஒருவன் இப்படி விழுந்து ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தான். தப்பு என்னுடையது.

இரண்டு கையும் தலைக்கு மேலே, உடம்பு குச்சி மாதிரி நேராக எழும்பட்டும். காற்றில் ஒரு கை பக்கவாட்டில் இறங்கினால் உடம்பு லேசாகச் சாயும். கரணத்தில் இருக்கும் உடம்பு சாய்ந்தாலே தானாகச் சுழலத் தொடங்கிவிடும். கைகளை மார்போடு ஒட்டினால் வேகம் கூடும், இறங்கும் முன் விரித்தால் குறையும். இடுப்பு மடங்கக்கூடாது, தலையை முன்கூட்டித் திருப்பவும் கூடாது.

ஆகவே ட்விஸ்ட்டை ஒதுக்கிவிட்டு, நீட்டிய உடம்போடு போடும் கரணம் உயரமாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் நின்ற இடத்தில் எகிறி அரைச்சுற்று, பிறகு முழுச்சுற்று, அசையாமல் இறங்க வேண்டும். எந்தப் பக்கம் சுலபமாக வருகிறதோ, அதுவே அவள் பக்கம். தினம் ஒரு பக்கம் மாற்றாதீர்கள்.

‘எங்கே இருக்கேன்னே தெரியல’ என்று அவள் சொன்னால் அன்று நிறுத்திவிடுங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கே வால்ட்டில் (ஓடிவந்து மேசை மாதிரிப் பலகையில் கை ஊன்றி எகிறும் போட்டி) இரண்டரை ட்விஸ்ட் ஒன்றரையாகிப் போனது. காற்றில் திசை தெரியவில்லை என்று விலகிக்கொண்டார்.

இன்னொன்று, பயிற்சிக்குக் கொலுசு வேண்டாம். வெள்ளிக்கொலுசு செய்கிற ஊர், பிள்ளைகள் போட்டுக்கொண்டேதான் வருவார்கள். மெத்தைத் துணியில் மாட்டினால் கணுக்கால் போய்விடும்.