கிளைடர் இறக்கையைப் பூட்ட எந்தக் கருவி வாங்கலாம்?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். நண்பர்கள் மூன்று பேர் பங்கு போட்டுப் எஞ்சின் இல்லாமல் பறக்கும் பழைய எல்எஸ்4 ரகக் கிளைடர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். டிரெய்லரிலிருந்து எடுத்துப் பூட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் மெயின் பின் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. இரண்டு இறக்கைகளின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதில்லை. கூம்பு முனை வைத்த ஸ்டீல் பின், நெம்புகோல், ஒரே ஆள் பூட்ட உதவும் சக்கரத் தாங்கி என்று என்னென்னவோ விற்கிறார்கள். எதை வாங்கலாம்? மொத்தமாக ஒரு செட் எடுத்துவிடலாமா?

பதில்: செட் வேண்டாம். முதலில் உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய இறக்கைத் தாங்கி ஒன்று, கூடவே தையல்காரர் வைத்திருப்பது போன்ற சாதாரண அளவு நாடா ஒன்று. இவை வந்த பிறகும் பின் ஏறவில்லை என்றால், அப்புறம் கூம்புப் பின்னைப் பற்றிப் பேசலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், துளை பொருந்தாததற்குக் காரணம் பெரும்பாலும் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. ஏழு மீட்டர் தள்ளி, இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நண்பரின் கையில் இருக்கிறது. மரக்கட்டில் பூட்டியவர்களுக்கு இது உடனே புரியும். சட்டத்தின் அந்த முனையைப் பிடிப்பவர் கொஞ்சம் தாழ்த்திவிட்டால், இந்த முனையில் போல்ட் எவ்வளவு முட்டினாலும் ஏறாது. சுத்தியலைத் தேடுவதைவிட, 'அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குப்பா' என்று குரல் கொடுப்பதுதான் வேலைக்கு ஆகும்.

எல்எஸ்4 முதலில் பறந்தது 1980-இல். அகலம் 15 மீட்டர், அதாவது ஒரு பக்கத்து இறக்கை ஏறத்தாழ ஏழரை மீட்டர். இறக்கைக்குள் முதுகெலும்பு போல ஓடும் ஸ்பார் என்ற சட்டம், உடலை ஒட்டிய முனையில் வெளியே நீண்டு உடலுக்குள் நுழைகிறது. இரு பக்கத்து ஸ்பார்களும் அங்கே ஒன்றையொன்று ஒட்டி நிற்க, அவற்றின் ஊடே மெயின் பின் போகிறது. துளைக்குள் பதித்த உலோக வளையமான புஷ்ஷுக்கும் பின்னுக்கும் இடையே விடப்பட்டிருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். இப்போது ஒரு சின்னக் கணக்கு. இறக்கை உடலில் ஊன்றும் இடத்திலிருந்து துளை 30 சென்டிமீட்டர் உள்ளே, நுனி 7 மீட்டர் வெளியே என்று வைத்துக்கொள்வோம். நுனி 10 சென்டிமீட்டர் ஏறினால் துளை சுமார் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஏற்றம் இறைப்பது மாதிரிதான், ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே. நுனியைப் பிடித்திருப்பவர் கை வலித்து ஒரு சாண் தாழ்த்தினால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு இறக்கை 60 கிலோவை ஒட்டி இருக்கும், கை வலிக்கத்தான் செய்யும்.

நான் கிளைடர் பழகத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள், நாங்கள் நாலு பேர் முக்கால் மணி நேரம் ஒரு பின்னோடு மல்லுக்கட்டினோம். கிரீஸ் தடவினோம், திருகினோம், யாரோ ரப்பர் சுத்தியல் கொண்டுவந்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, நுனிக்குக் கீழே இருந்த தாங்கியை இரண்டு துளை மேலே ஏற்றிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார். பின் விரலாலேயே உள்ளே போனது. அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, உயரத்தைச் சரிசெய்தும் ஏறவில்லை என்றால்? இறக்கைக்கு மூன்று விதமான அசைவு உண்டு. மேல்-கீழ் ஒன்று. நுனி முன்னே-பின்னே போவது இன்னொன்று. மூன்றாவது முறுக்கு, அதாவது இறக்கையின் முன்விளிம்பு தூக்கிக்கொண்டோ குனிந்தோ நிற்பது. டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். மேலேயோ கீழேயோ பிறை வடிவில் உலோகம் பளபளத்தால் உயரம்தான் தவறு. இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடுக்கு முன்னால் மூடியும் பின்னால் திறந்தும் இருந்தால், நுனியை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். இறக்கையின் உடலை ஒட்டிய முனையில் முன்னும் பின்னும் உள்ள சிறிய பின்களில் ஒன்று மட்டும் துளையில் உட்கார்ந்து, மற்றது மேலேயோ கீழேயோ முட்டிக்கொண்டிருந்தால் முறுக்கு. பலர் தவறவிடுவது இந்த முறுக்கைத்தான். நுனியைப் பிடிப்பவர் ஒரு கையை முன்விளிம்பிலும் ஒரு கையைப் பின்விளிம்பிலும் வைத்திருந்தால் இதைத் திருத்துவது சுலபம். கிளைடரின் உடலே ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும் இதே தொல்லைதான் வரும். அதனால் இறக்கையைத் தொடும் முன் உடல் நிமிர்ந்து நிற்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரு நாள் எல்லாம் சரியாக அமைந்து பின் சுலபமாக ஏறியதும், அந்த நிலையிலேயே இரண்டு நுனிகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று நாடாவால் அளந்து டிரெய்லர் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். அதே டிரெய்லர், சமதரை என்றால் அடுத்த முறை அந்த உயரத்தில் தாங்கியை வைத்துத் தொடங்கலாம். நான் அறிந்தவரை இதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது.

இனி கடைச் சரக்குக்கு வருவோம். தாங்கி வாங்கும்போது மேல்பகுதியில் மெத்தையும் உறுதியான பட்டையும் இருக்கிறதா, உயரத்தைச் சிறு சிறு படிகளாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டது போதாது. மேலே சொன்ன கணக்குப்படி அதிலேயே மெயின் பின் துளையில் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். திருகி ஏற்றும் வகை நல்லது. கால்கள் அகன்று, புல்தரையில் புதையாமல் நிற்க வேண்டும்.

மெயின் பின்னுக்கு முன்னால் நுழைத்துத் துளைகளை நேராக்கும் கூம்புப் பின்னும் பயனுள்ளதுதான், கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு. அதற்கு மேல் வித்தியாசம் இருக்கும்போது அதை அடித்து இறக்கினால் புஷ்ஷின் உள்பக்கம் கீறிவிடும். பின் சில பவுண்டு, புஷ் மாற்றும் வேலை அப்படியல்ல. அது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டியது. அதனால் புஷ்ஷைவிட மென்மையான பொருளில் செய்ததை வாங்குங்கள். 'எல்லா கிளைடருக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள், ரகத்துக்கு ரகம் பின்னின் விட்டம் வேறு. உங்கள் மெயின் பின்னை வெர்னியர் காலிப்பரில் அளந்து, அதைவிடக் கொஞ்சம் மெலிந்ததாகக் கேளுங்கள். வாங்கியதும் பளிச்சென்று ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிடுங்கள். அவசரத்தில் அது உள்ளேயே தங்கிவிடக் கூடாது. துளைக்குள் கடைசியாக இருக்க வேண்டியது மெயின் பின், அதன் பூட்டோடு.

நெம்புகோலைப் பொறுத்தவரை, இறக்கையைக் கடைசிச் சில சென்டிமீட்டர் உள்ளே இழுக்க அந்த ரகத்துக்கென்று தயாரிப்பாளர் கொடுத்தது இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். சரக்கு கட்டும் ராட்செட் பட்டையால் இறக்கைகளை இழுத்துச் சேர்க்கும் வித்தையை யாராவது சொல்லிக்கொடுத்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். எல்எஸ்4-ஐச் செய்த ரோலாடன்-ஷ்னைடர் நிறுவனம் இப்போது இல்லை. 2003-இல் எல்எஸ் ரகங்களை ஜெர்மனியின் ப்ரூக்சாலில் உள்ள டிஜி நிறுவனம் எடுத்துக்கொண்டது. கையேட்டில் இல்லாத எதையும் கேட்க அந்த வழிதான்.

இன்னொன்று. பின் ஏறிய நிம்மதியில் பலர் அடுத்ததை மறக்கிறார்கள். பழைய எல்எஸ்4-இல் எய்லரான் (கிளைடரைச் சாய்த்துத் திருப்பும் தகடு), ஏர்பிரேக் (இறங்கும்போது இறக்கையிலிருந்து எழும் தடுப்புத் தகடு) இணைப்புகளைக் கையால்தான் பூட்ட வேண்டும். பிறகு வந்த எல்எஸ்4-பி-யில்தான் அவை தானாகப் பூட்டிக்கொள்ளும். கையால் பூட்டுவதைச் சரியாகப் பூட்டாமல் பறந்ததால் விபத்துகள் நடந்திருக்கின்றன. ஒருவர் காக்பிட்டில் கட்டுப்பாட்டை அசைக்க, இன்னொருவர் வெளியே அந்த எய்லரான் அல்லது ஏர்பிரேக் தகட்டைக் கையால் அழுத்தித் தடுத்துப் பார்க்கும் சோதனையை ஒரு நாளும் விடாதீர்கள். இதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: வார நாட்களில் உதவிக்கு ஆள் கிடைப்பதில்லை. ஒரே ஆள் பூட்டும் சக்கரத் தாங்கி புதிதாக வாங்க ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகிறது. பழையது ஒன்று விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் உங்கள் கிளைடரை வைத்துப் பூட்டிப் பார்த்த பிறகு. தாங்கியின் தொட்டில் வேறொரு ரகத்தின் இறக்கை வளைவுக்கு வெட்டப்பட்டிருந்தால் உங்கள் இறக்கை அதில் சாய்ந்து நிற்கும், மேலே சொன்ன முறுக்குத் தொல்லை நிரந்தரமாகிவிடும். ஏற்றி இறக்கும் திருகில் ஆட்டம் இருக்கிறதா, சக்கரம் புல்லில் உருளும் அளவுக்குப் பெரியதா என்றும் பாருங்கள். இங்கிலாந்தில் தனிநபரிடம் வாங்கும் பொருள் அவர் சொன்னபடி இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். தரம் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது போல அவரிடம் போட முடியாது. எனவே எந்த ரகத்துக்குச் செய்தது, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் தனியாகப் பூட்டும் ஆசை வேண்டாம், தாங்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும். இறக்கை என்பது காற்றில் தூக்குவதற்காகவே செய்தது.

கேள்வி: ஜெர்மனிக் கடை ஒன்றில் கூம்புப் பின் வரவழைத்தேன். விட்டம் ஒத்துவரவில்லை. திருப்பி அனுப்பினால் பணம் வருமா?

பதில்: நீங்கள் கொடுத்த அளவுக்காகத் தனியாகக் கடைந்து தந்ததா, அலமாரியில் இருந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலமாரிச் சரக்கு என்றால், தொலைவிலிருந்து வாங்கியதால் பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் 'வேண்டாம்' என்று எழுதித் தெரிவிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இதே கணக்குதான். திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில். தனியாகச் செய்தது என்றால், அளவைத் தவறாகக் கொடுத்தவர் நீங்களாக இருந்தால் வழியில்லை. நீங்கள் சரியாகக் கொடுத்து அவர்கள் தவறாகக் கடைந்திருந்தால் அது குறைபாடுள்ள பொருள், பணம் கேட்கலாம். பெரிய சாமான் வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ளதைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், கடை கைவிரித்தாலும் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம். டெபிட் கார்டுக்கு இது கிடையாது. 135 பவுண்டுக்கு மேற்பட்ட சரக்குக்கு எல்லையில் 20 சதவீத வாட் வரியும் கேட்பார்கள், அதையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

கேள்வி: அந்தப் பின்னை 3டி பிரிண்டரில் நானே அச்சடித்துவிட்டால்?

பதில்: மலிவான பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் வேண்டாம். அது சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் வளைந்துவிடும். அதைவிட மோசம், அடுக்கு அடுக்காக அச்சடித்தது பக்கவாட்டு அழுத்தத்தில் சட்டென்று ஒடியும், முனை புஷ்ஷுக்குள் மாட்டிக்கொள்ளும். லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் நைலான் கம்பியைக் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிரிண்டரில், தாங்கியின் கால்கள் புல்லில் புதையாமல் இருக்க நான்கு அகலமான பாதக்கட்டைகளை அச்சடியுங்கள்.