துளையிடுவதா, எலும்பைத் திறப்பதா? மூளையைச் சுற்றித் தேங்கிய பழைய இரத்தம்

கேள்வி: என் தந்தைக்கு வயது 76. ஒன்றரை மாதத்துக்கு முன் வழுக்கி விழுந்தார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இப்போது நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. மூளையைச் சுற்றிப் பழைய இரத்தம் தேங்கியிருப்பதாக ஸ்கேன் காட்டுகிறது. ஒரு மருத்துவர் துளையிட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் மண்டையோட்டைத் திறக்க நேரலாம் என்கிறார். எதை ஏற்பது?

பதில்: இருவர் சொல்வதும் முரணானதல்ல; எந்த முறை பொருந்தும் என்பதை ஸ்கேனில் தெரியும் இரத்தத்தின் தன்மைதான் தீர்மானிக்கிறது. மூளையின் வெளியுறைக்கு அடியில் கசிந்த இரத்தம் வாரக்கணக்கில் கரைந்து எஞ்சின் ஆயில் போன்ற கருநீர்மமாகிவிடும். உறையைக் கீறியதும் அது அழுத்தத்தோடு பீறிட்டு வருவதைக் காணலாம். இப்படி நீர்த்திருந்தால் சிறு துளையே போதும். மாறாக, உள்ளே சவ்வுகள் வளர்ந்து பல அறைகளாகத் தடுத்திருந்தாலோ, கெட்டியான உறைவு மிகுந்திருந்தாலோ துளை வழியே முழுதும் வெளியேறாது. அப்போதுதான் எலும்பின் ஒரு பகுதியை எடுத்துத் திறக்கும் கிரேனியாட்டமி தேவைப்படும்.

துளையிடுவதிலும் இரு வகை உண்டு. 5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான விட்டத்தில் துளையிடும் ட்விஸ்ட் டிரில் முறையைப் படுக்கையருகிலேயே, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து முடித்துவிடலாம். மிகவும் தளர்ந்தவர்களுக்கு இது பெரும் உதவி என்றாலும், மீண்டும் தேங்கும் வாய்ப்பு இதில் கூடுதல். ஒன்றிரண்டு பெரிய துளைகள் இட்டு, உப்புநீர் தெளிவாக வரும்வரை கழுவும் பர் ஹோல் முறையே இன்று பெரும்பாலோருக்கு முதல் தேர்வு. கழுவுவதைக் கைவிடலாமா என்று பின்லாந்தில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், கழுவாதவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும் கழுவியவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கும் மறு அறுவை தேவைப்பட்டது.

ஆனால் துளையின் அளவைவிட நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது, அறுவைக்குப் பின் வடிகுழாய் வைப்பார்களா என்பதையே. முதியவரின் சுருங்கிய மூளை உடனே விரிந்து வெற்றிடத்தை நிரப்பாது. அந்த இடத்தில் சவ்விலுள்ள மெல்லிய புது இரத்தக்குழாய்கள் மறுபடியும் கசியும். கேம்பிரிட்ஜில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், குழாய் வைத்தவர்களில் 9.3 விழுக்காட்டினருக்கே மீண்டும் தேங்கியது. வைக்காதவர்களில் அது 24 விழுக்காடு. ஆறு மாத இறப்பும் குழாய் வைத்தோரிடம் குறைவாகவே இருந்தது. என்னைக் கேட்டால், வைக்காமல் விடுவதற்குத் தெளிவான காரணம் இருந்தாலொழிய குழாய் வேண்டும் என்றே சொல்வேன். வழக்கமாக இரண்டு நாளில் அதை எடுத்துவிடுவார்கள்.

அறுவை வேண்டாம், ஸ்டீராய்டு மாத்திரை தாருங்கள் என்று சிலர் கேட்பதுண்டு. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பற்றி 2020-இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், மறு அறுவை குறைந்தபோதிலும், ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆகவே அதை வழக்கமாகத் தருவதற்கில்லை.

தந்தை ஆஸ்பிரினோ வேறு இரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ எடுத்துவந்தால் இப்போதே இரு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள்; அதை நிறுத்துவதும் திரும்பத் தொடங்குவதும் இதய மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை, நீங்களாக நிறுத்த வேண்டாம். காத்திருக்கும் நாட்களில் தூக்கக்கலக்கம் கூடினாலோ, வாந்தியோடு தலைவலி வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தாலோ, குறித்த தேதி வரட்டும் என்றிருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.