கிறிஸ்தவ ஹோம்ஸ்கூலில் 6–8ஆம் வகுப்புக்கு எந்த இலக்கியப் பாடத்திட்டம் எடுக்கலாம்?

அமெரிக்காவில் இருக்கிறீர்கள், மகள் அடுத்த வருஷம் ஏழாம் வகுப்பு, கிறிஸ்தவப் பாடத்திட்டங்களில் அபெக்காவா சன்லைட்டா என்று குழப்பம், விசுவாசத்துக்குக் கெடுதல் வராத புத்தகப் பட்டியல் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டெக்சஸில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் எடுக்கிறேன், பெரியவன் இந்த வயதைத் தாண்டிவிட்டான். பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு அத்தியாயம் முடிந்ததும் அந்தப் பாடத்திட்டம் பிள்ளையிடம் என்ன கேட்கிறது என்று முதலில் பாருங்கள். என் அனுபவத்தில் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

'டிரஷர் ஐலண்ட்' என்ற கடற்கொள்ளையர் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1883இல் புத்தகமாக வந்தது, பல பாடத்திட்டங்களில் இருக்கிறது. கடைசிப் பகுதியில் சிறுவன் ஜிம் கொள்ளையர்களிடம் மாட்டிக்கொள்கிறான். அவனைப் பார்க்க வரும் டாக்டர், வேலியைத் தாண்டிக் குதி, ஓடிவிடலாம் என்கிறார். ஜிம் மறுக்கிறான். ஓடமாட்டேன் என்று கொள்ளையர் தலைவன் சில்வருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். சில்வரோ கொலைகாரன். இந்த இடத்தில் "டாக்டர் ஜிம்மிடம் என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்கும் கையேடும் உண்டு. "கெட்டவனுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டுமா?" என்று கேட்கும் கையேடும் உண்டு. என் மகன் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், டாக்டர் சொன்னதுதான் சரி, உயிர் போகிற நேரத்தில் வாக்கு எதற்கு என்று வாதாடினான். நான் பதில் சொல்லாமல் 15ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னேன். "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தி, "ஆனா இவன் கொள்ளைக்காரன்மா" என்றான். அப்புறமும் நெடுநேரம் பேசினோம். இந்தப் பேச்சுக்கு வழிவிடுகிற பாடத்திட்டம்தான் எனக்குக் கிறிஸ்தவப் பாடத்திட்டம். கொள்ளையர்களும் சாராயமும் இருக்கிறதே என்று அந்தப் புத்தகத்தை ஒதுக்கியிருந்தால் இது நடந்தே இருக்காது.

சரி, எது எப்படி என்று பார்ப்போம். அபெக்காவும் பிஜேயூ பிரஸ்ஸும் தொகுப்பு நூல் வழி. சிறுகதை, கவிதை, பெரிய நூல்களிலிருந்து பகுதிகள், ஒவ்வொன்றின் அடியிலும் கேள்விகள். நாளுக்கு இவ்வளவு என்று ஒழுங்காகப் போகும். நாலைந்து பிள்ளைகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் அம்மாவுக்கு இது பெரிய உதவி. ஆனால் முழு நாவலோடு வாழ்கிற அனுபவம் பகுதிகளை வாசிப்பதில் கிடைக்காது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைக்கு அதுதான் தேவை என்று நினைக்கிறேன்.

சன்லைட் 1990இல் தொடங்கியது. முழுப் புத்தகங்கள், வரலாற்றோடு சேர்த்து. விசுவாசிகள் அல்லாதவர்கள் எழுதியதையும் சேர்ப்பார்கள், பெற்றோருக்குக் குறிப்பும் தருவார்கள். நீங்கள் கூடவே உட்கார்ந்து வாசிக்க வேண்டும், பெட்டி பெட்டியாகப் புத்தகம் வரும், செலவும் அதற்கேற்றபடிதான். மெமோரியா பிரஸ் குறைவான நூல்களை ஆழமாக, சொற்களை ஊன்றிப் படிக்க வைக்கும். வெரிட்டாஸ் பிரஸ்ஸின் ஆம்னிபஸ் ஏழாம் வகுப்பிலிருந்தே கில்காமேஷ், ஹோமர் என்று பழங்காலக் காப்பியங்களுக்குப் போகிறது. வாசிப்பில் பசியுள்ள பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள். ஆம்பிள்சைட் ஆன்லைன் இலவசம். ஷார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் வழியில், வாசித்ததைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நூல்களில் பல பழைய காலத்து ஆங்கில நடையில் இருக்கும், முதல் சில வாரங்கள் கஷ்டம்தான். ஆடியோவைப் போட்டுவிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பழகிவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எந்தப் பாடத்திட்டத்தையும் முழுசாக இப்போது வாங்கமாட்டேன். புரொஜெனி பிரஸ் ஒவ்வொரு நாவலுக்கும் தனித்தனியாக வேத அடிப்படையில் கையேடு வெளியிடுகிறது. அதில் ஒன்றை வாங்கி, நாவலை நூலகத்தில் எடுத்து, மகளோடு படித்துப் பாருங்கள். அவள் எழுத விரும்புகிறாளா, பேச விரும்புகிறாளா என்று தெரிந்துவிடும். எழுதுகிறவளுக்கு மெமோரியா, பேசுகிறவளுக்கு ஆம்பிள்சைட் அல்லது சன்லைட்.

நம் தமிழ் வீடுகளுக்கு இன்னொன்று. ஜான் பனியன் எழுதிய 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' என்ற கிறிஸ்தவ உருவகக் கதை எப்படியும் உங்கள் கைக்கு வரும். அதைப் படிக்கும்போது எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' நூலிலிருந்து சில பாடல்களையாவது வாசித்துக் காட்டுங்கள். 1894இல் வந்த காப்பியம், பனியனின் கதையைத் தழுவியது. தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழட்டும். தாத்தா பாட்டி வீடியோ அழைப்பில் வாசித்தால் இன்னும் நல்லது.

சட்ட விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, குடிமைப் பண்பு ஆகிய ஐந்தும் இருந்தால் போதும், எந்த நூல் என்று யாரும் கேட்பதில்லை. பென்சில்வேனியாவில் வீட்டுக்கல்விச் சட்டப்படி நடத்தினால், வாசித்த நூல்களின் பெயரோடு பதிவேடு வைத்து, வருஷக் கடைசியில் மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். அந்த மாதிரி மாநிலமென்றால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எந்த மாநிலம் என்று கருத்தில் சொன்னால், அதற்கேற்ற மாதிரி மேலும் எழுதுகிறேன்.