அனுப்பியாச்சு, ஆனால் போய்ச் சேரவில்லை!

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலரை 22 எம்.பி. பி.டி.எஃப். கோப்பாக சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு ஜிமெயிலில் மூன்று முறை அனுப்பிவிட்டேன். என் 'சென்ட்' பெட்டியில் மூன்றும் இருக்கின்றன. அவர்களோ ஒன்றுமே வரவில்லை என்கிறார்கள். வெறும் மெயில் போட்டால் மட்டும் போகிறது. ஜிமெயிலில் 25 எம்.பி. வரை அனுப்பலாம்தானே, யார் மீது தப்பு?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், சங்கரன்கோவில்

பதில்: யார் மீதும் இல்லை சார். 'சென்ட்' பெட்டியில் இருக்கிறது என்றால் ஜிமெயில் உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம், அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. நீங்கள் சொல்லும் 25 எம்.பி. ஜிமெயில் தன் வாசலில் வைத்திருக்கும் அளவு. அச்சகத்தின் மெயில் சர்வருக்கு (மெயிலை வாங்கிப் பெட்டியில் சேர்க்கும் கணினி) அதன் அளவு தனி, அது 10 எம்.பி.யாகக்கூட இருக்கலாம், வழியில் எந்த வாசல் சிறியதோ அதுதான் கணக்கு.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. மெயில் எழுத்துகளைச் சுமப்பதற்காக உருவான வண்டி. படத்தையும் பி.டி.எஃப்.பையும் அதில் ஏற்றுவதற்காக 1992இல் 'மைம்' என்ற முறை வந்தது. இன்றும் அட்டாச்மென்ட் அப்படித்தான் போகிறது: கோப்பில் உள்ள ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாற்றப்படுகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், வரி முறிவுகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். உங்கள் கணினியில் 22 எம்.பி. இருக்கும் மலர் வழியில் கிட்டத்தட்ட 30 எம்.பி. எடையோடு போகிறது. அந்தப் பக்கம் 25தான் அளவு என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தினால் தகவல் வரவேண்டாமா என்று கேட்பீர்கள். வரவேண்டும். ஜிமெயிலின் தேடல் பெட்டியில் 'மெயிலர் டீமன்' (போய்ச் சேராத மெயில் பற்றித் தகவல் அனுப்பும் பெயர்) என்று ஆங்கிலத்தில், நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு, mailer-daemon எனத் தேடுங்கள், ஸ்பாமிலும் பாருங்கள். 552 என்ற எண்ணோடு ஒரு கடிதம் கிடந்தால் பெரும்பாலும் அளவுப் பிரச்சினைதான், அந்தப் பக்கப் பெட்டி நிரம்பியிருந்தாலும் இதே எண் வரும் என்பதால் பக்கத்தில் உள்ள வாக்கியத்தையும் படியுங்கள். 4 என்று தொடங்கும் எண் என்றால் தற்காலிகத் தடை. நான்கைந்து நாள் வரைகூட சர்வர் தானாகவே முயன்றுகொண்டிருக்கலாம், நீங்கள் அதற்குள் திரும்பத் திரும்ப அனுப்பி வரிசையை நீட்ட வேண்டாம். எதுவுமே கிடைக்கவில்லையா? அப்படியென்றால் அவர்கள் சர்வர் வாங்கிக்கொண்டு, வைரஸ் சோதனையில் சத்தமில்லாமல் ஓரங்கட்டியிருக்கலாம். எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று சொன்னால் சர்வரைப் பார்த்துக்கொள்பவரால் தேட முடியும். 'அனுப்பினேனே, அனுப்பினேனே' என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, மலர் அச்சுக்குப் போகவேண்டுமே. ஜிப் செய்து பார்க்காதீர்கள், பி.டி.எஃப்.புக்குள் இருக்கும் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அதனால் பெரிதாகக் குறையாது. 'சின்ன அளவு' என்று தேர்ந்தெடுத்துப் படங்களை நசுக்குவது அதைவிட மோசம், திரையில் நன்றாகத் தெரியும், அச்சில் உபயதாரர் முகமெல்லாம் கலங்கிப்போகும் (அதற்கப்புறம் அவர்களுக்கு யார் பதில் சொல்வது?). கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க்கை மட்டும் அனுப்புங்கள். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று அனுமதியை மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் அச்சகத்தார் 'அனுமதி கேட்கிறது சார்' என்று அதற்கும் போன் செய்வார்கள்.

கேள்வி: அலுவலக மெயில் மென்பொருளில் பெரிய கோப்பை அனுப்பினால் 'அவுட்பாக்ஸ்' பெட்டியிலேயே நிற்கிறது. ஆனால் மறுமுனையில் ஒரே மெயில் நான்கு தடவை வந்திருப்பதாகத் திட்டு வாங்குகிறேன்!
- வாசகி, ஈரோடு

பதில்: இது மேலே உள்ளதற்கு நேர் எதிர்க் கதை. 20 எம்.பி. கோப்பு வழியில் 27 எம்.பி.க்கு மேல் ஆகும், அப்லோட் வேகம் 1 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு ஒரு மெகாபிட், 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) என்றால் ஏறுவதற்கே கிட்டத்தட்ட நான்கு நிமிடம் பிடிக்கும். சர்வர் முழுவதையும் வாங்கி, சோதித்து, 'கிடைத்தது' என்று சொல்வதற்குள் உங்கள் மென்பொருள் பொறுமையிழந்து இணைப்பை வெட்டிவிடுகிறது. சர்வர் அனுப்பிவிட்டது, மென்பொருளுக்கோ அது தெரியாது, அதனால் முதலிலிருந்து மறுபடி. அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'சர்வர் டைம் அவுட்' என்று ஒன்று இருக்கும், அதைக் கூட்டிவையுங்கள். இப்போது நிற்கும் மெயிலை, ஆஃப்லைனுக்குப் போய் முதலில் அழித்துவிடுங்கள், ஐந்தாவது திட்டு மிச்சம்.

கேள்வி: என் பிராஜெக்டை ஜிப் செய்து அனுப்பினால், வெறும் 2 எம்.பி.தான், ஜிமெயில் ஏற்க மறுக்கிறது.
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருக்கிறதா, தம்பி? 2017 முதல் ஜிமெயில் அதை விடுவதில்லை. ஜிப்புக்குள் ஒளித்தாலும் பார்த்துவிடும். நிரல்களைப் போட்டுவைக்கும் தளமான கிட்ஹப்பில் போட்டு லிங்க் கொடுங்கள்.