“எந்த வேலைன்னாலும் செய்வா சார்”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, பி.எஸ்சி. வேதியியல் முடித்த மகள். மருந்துக் கம்பெனிகள், தண்ணீர் பரிசோதனைக் கூடம் என்று நான்கு இன்டர்வியூ போய்விட்டாள். நான்கிலும் “சொல்லி அனுப்புறோம்”தான். நான் அவளிடம் ஐந்து கேள்வி கேட்டேன். நான்குக்கு அப்பா பதில் சொன்னார், ஐந்தாவதுக்கு அம்மா.

“என்ன மாதிரி வேலைம்மா உனக்குப் பிடிக்கும்?” என்றபோது அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்: “எந்த வேலைன்னாலும் செய்வா சார்.” விசாரித்தால், இன்டர்வியூவிலும் அவள் அதையேதான் சொல்லியிருக்கிறாள். வீட்டில் பணிவு என்று சொல்லிக்கொடுத்த வார்த்தை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது வேறு மாதிரி கேட்கும். இந்தப் பெண்ணுக்கு இந்த வேலை வேண்டும் என்று தோன்றவில்லை, எது கிடைத்தாலும் போய்விடுவாள், நாளைக்கு வேறு எது கிடைத்தாலும் அதற்கும் போய்விடுவாள் என்று. வேலை தேடுபவர்களுக்கு வழி சொல்லும் இந்தத் தொழிலுக்கு வருமுன் நான் ஒரு மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பதினோரு வருடம் ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்தவன். எனக்கு அப்படித்தான் கேட்டது.

அவர்கள் வந்ததன் காரணம் இன்டர்வியூ தோல்வி மட்டுமில்லை. சென்னையில் இருக்கும் தாய்மாமா ஒரு வழி சொல்லியிருக்கிறார். மூன்று மாத வகுப்பு: சாஃப்ட்வேர் டெஸ்டிங், ஸ்போக்கன் இங்கிலீஷ், ‘இன்டர்வியூ க்ரூமிங்’, எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். ஹாஸ்டல் தனி. அம்மாவின் ஐந்து பவுன் செயினை அடகு வைக்கப் பேச்சு முடிந்துவிட்டது. “வேலை கேரண்டியாம் சார், மாமா சொல்றாரு” என்றார் அம்மா.

ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் செயின் இன்னும் கழுத்தில் இருந்தது. அதனால் கட்டண விவரத்தாளை வாங்கிப் படித்தேன். மாமா வாயால் சொன்ன ‘கேரண்டி’ அதில் எங்கும் இல்லை. ‘வேலைவாய்ப்பு உதவி’ என்று இருந்தது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், ‘கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது’. உதவி என்பது நான்கு கம்பெனிக்கு உங்கள் பயோடேட்டாவை அனுப்புவது. அதை இந்தப் பெண் தன் போனிலேயே செய்துகொண்டுதான் இருக்கிறாள். ஐந்து பவுனை அடகு வைத்து வட்டி கட்டுமளவுக்கு இதில் எதுவும் இல்லை. கட்டாதீர்கள் என்று நேராகவே சொல்லிவிட்டேன். மாமாவிடம் பேச வேண்டுமானால் என் நம்பரைக் கொடுங்கள் என்றும் சொன்னேன். இதுவரை அவர் கூப்பிடவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். இந்த முறை அப்பாவைக் கையமர்த்திவிட்டு, அவளிடம். “சாஃப்ட்வேர் டெஸ்டிங் பிடிச்சிருக்கா?” ரொம்ப நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “லேப்தான் சார் பிடிக்கும்.” அவ்வளவுதான். மூன்று வருடம் லேபில் நின்று, லேப் பிடிக்கிறது என்று சொல்லும் பெண்ணை, பேசத் தெரியவில்லை என்பதற்காக வேறு தொழிலுக்குத் தள்ளுவது என்ன நியாயம்? பேச்சுதான் குறை என்றால் பேச்சைச் சரி செய்வோம்.

உடை, கைகுலுக்கல், கண்ணைப் பார்த்துப் பேசுவது, இதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. டி.என்.பி.எஸ்.சி., பேங்க் எக்ஸாம், பி.எட். பற்றியும் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: “உன் ப்ராஜெக்ட் ரெக்கார்டு நோட்டு எங்கம்மா இருக்கு?”

பரணில் இருந்ததாம். மறுவாரம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஊரைச் சுற்றி எட்டு போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்பின் அளவை, சோதித்திருக்கிறாள். இன்டர்வியூவில் இதைப் பற்றிக் கேட்டபோது அவள் சொன்னது ஒரே வாக்கியம்: “வாட்டர் அனாலிசிஸ்ல ப்ராஜெக்ட் பண்ணினோம் சார்.” கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். போகாமல் என்ன செய்வார்? ‘பண்ணினோம்’ என்றால் யார்? நான்கு பேர் குழுவில் பாட்டில் கழுவியவளும் ‘பண்ணினோம்’ என்றுதான் சொல்வாள். தமிழில் நமக்கு ‘நான்’ என்று சொல்லக் கூச்சம். வீட்டில் அந்தக் கூச்சம் அழகு. இன்டர்வியூவில் அது உங்கள் உழைப்பை மற்ற மூன்று பேருக்குப் பங்கு வைத்துவிடும். தண்ணீர் பிடித்து வந்தது குழுவாக என்றால் ‘பிடித்தோம்’. டைட்ரேஷன், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனை, செய்தது நீ என்றால் ‘செய்தேன்’. பொய் சொல்லச் சொல்லவில்லை, பிரித்துச் சொல்லச் சொல்கிறேன்.

நோட்டைப் புரட்டினேன். ஐந்தாவது போர்வெல். 50 மில்லி தண்ணீர், அமோனியா பஃபர், நிறம் மாறிக் காட்டும் எரியோகுரோம் பிளாக் டி, சொட்டாக விடும் 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசல். முதல் ரீடிங் 32.4 மில்லி என்று எழுதி, அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு அடித்திருந்தது. அடித்த எண் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் சின்னதாக: ‘ப்யூரெட் நுனியில் காற்றுக்குமிழி’. ப்யூரெட் என்பது கரைசலைச் சொட்டாக விடும் அளவுக்குழாய். கீழே 31.5, மறுபடி 31.5. கணக்குப் போட்டு லிட்டருக்கு 630 மில்லிகிராம்.

“இதை யார் சொல்லிக்கொடுத்தா?” என்றேன். “மேடம் ரப்பர் வெச்சு அழிக்கவே விட மாட்டாங்க சார்.”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டா நான்கு இடத்தில் “எந்த வேலைன்னாலும் செய்வேன்” என்று சொல்லிவிட்டு வந்தாய்? மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் புதிதாகச் சேர்பவரிடம் தேடுவதே இந்தப் பழக்கத்தைத்தான். அங்கே தப்பான எண்ணை அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு, சரியான எண், கையெழுத்து, தேதி, காரணம். பதிவு எழுதும் இந்த ஒழுங்கை, ஐந்து இங்கிலீஷ் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து ‘அல்கோவா’ (ALCOA) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். யார் எழுதியது என்று தெரிய வேண்டும், படிக்கும்படி இருக்க வேண்டும், நடக்கும்போதே எழுதியிருக்க வேண்டும், முதல் பதிவாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு சாயங்காலம் அழகாக நோட்டில் ஏற்றுபவர்களால் கம்பெனிகளுக்குத் தணிக்கையின்போது பெரிய தலைவலி. இந்தப் பெண் அந்த ஒழுங்கைக் கல்லூரியிலேயே கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். அது அவள் வாயிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை முழுக்க அந்த ஒரு பக்கத்தை மட்டும் பேச வைத்தேன். முதலில் தமிழில், பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்வது போல. பிறகு போனில் பதிவு செய்து அவளையே கேட்க வைத்தேன். கடைசியில் நின்ற வடிவம் இது:

“எட்டு போர் தண்ணீர் எடுத்தோம் சார். டைட்ரேஷன் எட்டும் நான் செய்தேன். ஐந்தாவதில் முதல் ரீடிங் 32.4 வந்தது. ப்யூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருந்ததைக் கவனிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். குமிழி வெளியேறியதால் ரீடிங் கூடிவிட்டது. அதை அடித்துக் காரணம் எழுதிவிட்டு மறுபடி செய்தேன். இரண்டு முறை 31.5 வந்தது. 630 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. இது அதையும் தாண்டியது.”

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் ‘கடின உழைப்பாளி’ இல்லை, ‘டீம் ப்ளேயர்’ இல்லை, ‘சீக்கிரம் கற்றுக்கொள்வேன்’ இல்லை. கேட்பவருக்கு மூன்றும் புரிந்துவிடும். “உங்கள் பலவீனம் என்ன?” என்ற கேள்விக்கும் இதையே எடுக்கலாம். எல்லாரும் ஒப்பிக்கும் “ஐ ஆம் எ பெர்ஃபெக்ஷனிஸ்ட்”டைக் கேட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் கொட்டாவிதான் வரும். “ஆரம்பிக்கும்போது அவசரப்படுவேன், ஒரு முறை குமிழியைக் கவனிக்காமல் விட்டேன், அதிலிருந்து ப்யூரெட் நுனியைப் பார்த்த பிறகுதான் திறக்கிறேன்” என்றால் அது கேட்கத் தகுந்த பதில்.

இங்கிலீஷில் கேட்டால்? ஆறு வாக்கியம் போதும் என்றேன். “ஐ ரிப்பீட்டட் இட் ட்வைஸ்” என்பதற்கு 85,000 ரூபாய் வேண்டாம். முழுவதும் வராவிட்டால் தொடங்கும்போதே கேட்டுவிடலாம்: “சார், இந்த ஒரு பகுதியைத் தமிழில் சொல்லட்டுமா?” நம் ஊர் ஆலைகளில் கேட்பவரும் தமிழர் என்றால் பெரும்பாலும் தலையாட்டுவார். ஆனால் எழுத்து இங்கிலீஷில்தான். லேப் பதிவேடுகள் எல்லாம் இங்கிலீஷ். தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறேன். மேடைப் பேச்சு அவளுக்குத் தேவையில்லை.

இதைவிட முக்கியமானது மூன்று வினைச்சொற்கள். படித்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன், செய்திருக்கிறேன். ஒரு இன்டர்வியூவில் “ஹெச்.பி.எல்.சி. தெரியுமா?” என்று கேட்டதற்கு “தெரியும் சார்” என்றிருக்கிறாள். அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொண்டாள். அது கலவையில் இருப்பதைப் பிரித்து அளக்கும் கருவி, அவள் கல்லூரியில் அந்தக் கருவியே கிடையாது. ‘தெரியும்’ என்பது மூன்றையும் குழப்பும் சொல், இன்டர்வியூவில் அதைத் தொடவே கூடாது. “தியரி படித்திருக்கிறேன். ஒரு ஆலைக்குச் சுற்றிப் பார்க்கப் போனபோது இயங்குவதைப் பார்த்திருக்கிறேன். கையால் இயக்கியதில்லை. யூ.வி. ஸ்பெக்ட்ரோமீட்டரில் மட்டும் செய்திருக்கிறேன்.” இப்படிச் சொன்னவர்களை நான் வேலைக்கு எடுத்திருக்கிறேன். ‘தெரியும்’ என்றவர்களை அடுத்த கேள்வியோடு அனுப்பியிருக்கிறேன்.

‘செய்திருக்கிறேன்’ பட்டியல் குட்டையாக இருந்தால் அதை நீட்ட ஒரு வழி உண்டு, பலர் கண்டுகொள்வதில்லை. பட்டதாரி அப்ரண்டிஸ் பயிற்சி. 1961 சட்டப்படி நடப்பது. ஒரு வருடம். தென்மாநிலங்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. முன்பு இன்ஜினீயரிங், டிப்ளமோ மட்டும்தான் என்று இருந்தது, இப்போது பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. படித்தவர்களையும் எடுக்கிறார்கள். பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று 2019-இல் விதியைத் திருத்தினார்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். நீங்கள் 85,000 கட்டி மூன்று மாதம் உட்காருவதும், அவர்கள் உங்களுக்குப் பணம் கொடுத்து ஒரு வருடம் கருவியைத் தொட விடுவதும் ஒன்றா? முடிந்ததும் நிரந்தர வேலை தருவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அடுத்த இன்டர்வியூவில் சொல்ல ஒரு வருடத்து வாக்கியங்கள் கையில் இருக்கும்.

‘சும்மா’ பற்றியும் சொல்ல வேண்டும். படித்து முடித்து ஒரு வருடம் இடைவெளி. “என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” “வீட்டுல சும்மாதான் சார் இருந்தேன்.” விசாரித்தால், இடுப்பு ஆபரேஷன் ஆன பாட்டியை ஏழு மாதம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தெருவில் ஆறு பிள்ளைகளுக்கு பிளஸ் ஒன் வேதியியல் டியூஷனும் எடுத்திருக்கிறாள். இதுவா சும்மா? வீட்டு வேலையைச் சும்மா என்று சொல்லிச் சொல்லியே பெண்பிள்ளைகள் வாயில் அந்தச் சொல் ஏறிவிடுகிறது. அம்மா அப்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

சம்பளம். “ஆஸ் பெர் கம்பெனி நார்ம்ஸ் சார்” என்று யாரோ எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வாக்கியத்தோடு பேரம் முடிந்துவிடும், நீங்கள் ஆரம்பிக்கவே மாட்டீர்கள். அறை வாடகை, சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் செலவைக் கூட்டி ஒரு தொகையோடு போக வேண்டும். அவர்கள் சொல்லும் எண் மொத்தமா, கையில் வருவதா என்று கேட்க வேண்டும். மொத்தம் 15,000, அது முழுக்க அடிப்படைச் சம்பளம் என்றால் பி.எஃப். 12 சதவீதம் 1,800 போகும், இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம் நூற்றுப் பன்னிரண்டு சொச்சம் போகும். கைக்கு 13,100கூட வராது. இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் கம்பெனியை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்டால் கொடுக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. “சரிபார்த்துட்டு இப்பவே கொடுத்துடுங்க சார், நகல் தர்றேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டெபாசிட் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்.

கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள். கேட்கக் கூடாத கேள்வி, ஆனாலும் கேட்பார்கள். சண்டை போட வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். “இப்போதைக்கு வேலைதான் சார். மூன்று ஷிஃப்டும் வர முடியும். நைட் ஷிஃப்டுக்கு வண்டி வசதி எப்படி?” என்று பேச்சை வேலைக்கே திருப்பிவிடலாம். நான் இதைச் சொல்லிக்கொடுத்தபோது அப்பா நெளிந்தார். “நைட்டா சார்?” என்றார். அதை வீட்டில் முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள், அவள் அங்கே ‘முடியும்’ என்று சொன்ன பிறகு நீங்கள் போன் போட்டு ‘முடியாது’ என்று சொல்லாதீர்கள் என்றேன். அப்படி நடந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

அடுத்த இன்டர்வியூ ஓசூரில், வியாழக்கிழமை. கிளம்பும்போது அப்பா கேட்டார், நானும் கூடப் போகலாமா என்று. “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போங்க. கேட் வரைக்கும் வேண்டாம்.”

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் திரும்பினாள். யாரும் கேட்காமல் அவளாகப் பேசியது அதுதான் முதல் முறை. “சார், ரெக்கார்டு நோட்டைக் கையில கொண்டு போலாமா?”

கொண்டு போ, ஐந்தாவது போர் இருக்கிற பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொள் என்றேன்.