ஊசி பிடிக்கும் கை எங்கே பழகியது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, வலியை விட்டுவிட்டு வலிக்கு ஊசி போடுபவரைப் பற்றிக் கேட்கின்றன. நல்லதுதான்.

இடுப்புவலிக்கு ஊசி போடப்போகிறவர் மயக்க மருந்து டாக்டராம். அவருக்கு வலியைப் பற்றி என்ன தெரியும்? – ஈசூன் வாசகி

நிறையவே தெரியும், அம்மா. பிரசவ வலிக்கு முதுகில் எபிடியூரல் ஊசி போடுவது யார்? அவர்தானே! முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள அதே மெல்லிய இடைவெளியைத்தான் உங்களுக்கு ஸ்டீராய்டு போடும்போதும் தேடுவார். வலி மருத்துவத்தைத் தனித்துறையாக நிமிர்த்திய ஜான் போனிக்காவும் மயக்க மருந்து டாக்டர்தான். மருத்துவப் படிப்புச் செலவுக்கு மல்யுத்தம் ஆடியவர். வலி என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் சிங்கப்பூரில் எம்.பி.பி.எஸ். ஐந்து வருஷம், பயிற்சி மருத்துவராக ஒரு வருஷம், மயக்க மருந்தியல் ஐந்து வருஷம், அதன் பிறகுதான் வலிக்கான தனிப் பயிற்சி. ஆண்களுக்குத் தேசிய சேவை வேறு. இளமை அதிலேயே போய்விடும்.

பெயருக்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி எழுத்துகள். எதைப் பார்ப்பது? – தெம்பனிஸ் வாசகர்

எம்.மெட். என்றால் முதுநிலைப் படிப்பு. எஃப்.எஃப்.பி.எம்.ஏ.என்.இசட்.சி.ஏ. என்பது ஆஸ்திரேலிய–நியூசிலாந்து வலி மருத்துவப் பட்டம். எஃப்.ஐ.பி.பி. என்ற, ஊசிவழி வலி சிகிச்சைக்கான சர்வதேசப் பட்டம் இருந்தால் கவனியுங்கள்: அந்தத் தேர்வில், தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, இறந்தவர் உடலில் எக்ஸ்ரே உதவியோடு ஊசியைச் செலுத்திக் காட்ட வேண்டும். வார இறுதிப் பயிலரங்குச் சான்றிதழை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இதெல்லாம் உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – உட்லண்ட்ஸ் வாசகர்

சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். காசு கிடையாது. பட்டம், பதிவு வகை, நிபுணர் பதிவேட்டில் இருக்கிறாரா என்பதெல்லாம் வரும். 'நிபந்தனைப் பதிவு' என்றிருந்தால் பயப்பட வேண்டாம். வெளிநாட்டில் படித்தவர், மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று அர்த்தம்.

அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. டாக்டரிடம் என்ன கேட்கட்டும்? – பொங்கோல் வாசகி

எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்துத்தான் போடுவாரா என்று முதலில் கேளுங்கள். எக்ஸ்ரே என்றால், மருந்துக்கு முன் சில துளி சாயம் விடுவார்கள். திரையில் அது நரம்பை ஒட்டிக் கோடாகப் படர்ந்தால் சரி. சட்டென்று மறைந்தால் ஊசிமுனை ரத்தக்குழாய்க்குள் இருக்கலாம், நகர்த்த வேண்டும். அந்த இரண்டு நொடி பார்வைக்குத்தான் இத்தனை வருஷப் படிப்பு.

இதே ஊசியை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறார் என்றும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும், வீட்டில் அடிக்கடி குத்திப் பாருங்கள்.

நேராக மருத்துவமனைக்கே போகலாமா? – ஜூரோங் வாசகர்

போகலாம். ஆனால் அரசாங்க மருத்துவமனையில் சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால், முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.