40 சதவீதம் இல்லையென்றால் கூடுதல் நேரம் கிடையாதா?

கேள்வி: தக்கலை அருகே பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) என்று தனியார் உளவியலாளர் ஒருவர் அறிக்கை தந்துள்ளார். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்டால், குறைபாடு 40 சதவீதம் என்ற சான்று இல்லாமல் மனுவையே வாங்க முடியாது என்கிறது பள்ளி. என்ன செய்யலாம்?

பதில்: பள்ளி இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறது, அம்மா. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில், உயர்கல்வி, அரசு வேலை ஆகியவற்றின் இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் 40 சதவீதம் என்ற வரம்பு உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பேசும் 17-ஆம் பிரிவு, குறைபாடுள்ள மாணவர்கள் என்று மட்டுமே சொல்கிறது. எழுதும்போது விரல்கள் இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள விகாஷ் குமார், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு (யு.பி.எஸ்.சி.) எதிராகத் தொடுத்த வழக்கில், அந்த வரம்பைக் காட்டி சொல்வதை எழுதுபவரின் உதவியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்தது.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருப்பதால் மட்டும் காரியம் நடந்துவிடாது. பொதுத்தேர்வுக்குத் தனியார் அறிக்கை மட்டும் போதாது; மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும் சான்றும் வழங்கும் யு.டி.ஐ.டி. இணையதளத்தில் விண்ணப்பித்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனைக்கு இப்போதே தேதி வாங்குங்கள். தனியார் அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் "டிஸ்லெக்சியா உள்ளது" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், உளவியலாளரிடமே திரும்பச் சென்று, என்னென்ன சோதனைகள் செய்தார், ஒரு பத்தியைப் படிக்கப் பையனுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது, அதனால் எந்தச் சலுகை ஏன் தேவை என்பதையும் எழுதி வாங்குங்கள். நான் பார்த்தவரை, மனுக்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழைய விடைத்தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கங்களில் சரியாக எழுதியவன், நேரமில்லாமல் கடைசி இரண்டு கேள்விகளை வெறுமையாக விட்டிருந்தால், அதைவிட நல்ல சான்று வேறில்லை.

மனுவைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியும் பள்ளி முத்திரையும் பெறுங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதன் நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. வக்கீல் செலவை எண்ணித் தயங்க வேண்டாம். குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மகன் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.